ரைசன் 3600-இலிருந்து 9700எக்ஸ்: தைக்குள் மாறலாமா, பொறுக்கலாமா?

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 19, 2025, இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்போம். எடிட்டிங்கும் நானேதான். மார்கழி என்பதால் இப்போது கை சும்மா இருக்கிறது. தை பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள் கணினி விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இருப்பது: ரைசன் 5 3600 (ஏஎம்டி கம்பெனி பிராசசர்), பி450 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 16 ஜிபி (8+8), ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி. 2020-இல் பூட்டியது. பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் வேலை. ஐந்து வருடமாக ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த ஆவணியிலிருந்துதான் தகராறு. பிளே அழுத்தினால் இரண்டு விநாடி ஓடும், அப்புறம் படம் உறைந்துவிடும், சத்தம் மட்டும் போகும். கெட்டிமேளம் கொட்டி முடிந்துவிடுகிறது, மாப்பிள்ளையின் கை இன்னும் தாலியோடு அந்தரத்தில் நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 100 சதவீதம்.

கடையில் விலை கேட்டேன். புது ரைசன் 9700எக்ஸ் பிராசசர் 29 ஆயிரம், பி650 போர்டு 14, டிடிஆர்5 32 ஜிபி 31, கூலர் 3. மொத்தம் 77 ஆயிரம். என்னிடம் இருப்பது 60. மீதியைப் புரட்டிவிடலாம். புரட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். மாறினால் வேலை ஓடுமா? இல்லை, இதற்கும் அடுத்த தலைமுறை வரட்டும் என்று பொறுக்கலாமா?

எஃப்பிஎஸ்_பித்தன்
டிசம்பர் 19, இரவு 11:58

அண்ணா, 9800எக்ஸ்3டி போடுங்கள். அதற்கு மேல் பேச்சே இல்லை.

ரிச்சிதெரு_அசெம்பிளர்
டிசம்பர் 20, காலை 8:15

தம்பி, அவர் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். எக்ஸ்3டி என்றால் பிராசசரோடு கூடுதலாக 64 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அடுக்கியது, மொத்தம் 96 எம்பி. கேமுக்கு அது அமிர்தம். எடிட்டிங்குக்கு அந்தக் காசைக் கொட்டுவது வீண்.

திண்டுக்கல் சார், உங்கள் கொட்டேஷனில் என் கண்ணில் முதலில் பட்டது ராம் விலை. அந்த 31 ஆயிரத்தைப் பார்த்து கடைக்காரரைத் திட்டாதீர்கள், எங்கே போனாலும் அதுதான் நிலவரம். இந்த வருட நடுவில் கேட்ட விலைக்கு இப்போது இரண்டு, மூன்று மடங்கு. உலகத்தில் ராம் சில்லு செய்பவர்களில் பெரியவர்கள் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூவரும் ஏஐ சர்வர்களுக்குத்தான் முதலில் படி அளக்கிறார்கள். இந்த மாதம் 3-ஆம் தேதி மைக்ரான், சில்லறையில் விற்கும் குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நேற்று ஒருவர் பழைய டிடிஆர்4 குச்சி இரண்டைக் கொண்டுவந்து, நான் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, விற்காமல் திரும்ப எடுத்துப் போய்விட்டார். அவர் செய்தது சரிதான்.

9700எக்ஸ் உட்காருவது ஏஎம்5 வகைப் போர்டில், அதில் உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 ராம் ஏறாது. அதாவது நீங்கள் பிராசசர் மட்டும் மாற்றவில்லை. 77-இல் 48 ஆயிரம், அந்தப் பிராசசர் உட்காருவதற்கான திண்ணைக்கே போகிறது.

கோவை_கோடர்
டிசம்பர் 20, காலை 9:40

நான் எதிர்ப்பக்கம். இதே 3600-இலிருந்து இதே 9700எக்ஸுக்குப் போன வருடக் கடைசியில் மாறினேன். அப்போது ராம் மலிவு, அது என் அதிர்ஷ்டம். நான் எழுதும் புரோகிராம் கம்பைல் ஆக (ஓடும் வடிவத்துக்கு மாற) எடுத்த நேரம் பாதிக்குப் பாதி குறைந்தது. 3600 என்பது 2019 ஜூலையில் வந்த ஜென் 2 (ஏஎம்டி தன் பிராசசர் தலைமுறைகளுக்கு வைக்கும் பெயர் ஜென்). 9700எக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்த ஜென் 5. நடுவில் ஜென் 3, ஜென் 4 என்று இரண்டு முழுத் தலைமுறை தாண்டியிருக்கிறது, அதாவது மூன்று படி. 6 கோர் 8 ஆகியிருக்கிறது. ஒரு படி தாண்டுவது வீண், மூன்றைத் தாண்டுவது லாபம் என்பது என் கணக்கு.

இன்னொன்று, ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) 2027 வரையாவது புதுப் பிராசசர் வரும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. இன்று போடும் போர்டில் மூன்று வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பொறுத்தால் ராம் விலை இறங்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இன்னும் ஏறினால்?

பழைய_பென்டியம்
டிசம்பர் 20, காலை 11:05

எல்லோரும் மருந்துச் சீட்டு எழுதிவிட்டீர்கள். நோய் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் ஓடிய கணினி ஆவணியில் திடீரென்று கிழவனாகிவிடாது. திண்டுக்கல் தம்பி, ஆவணியில் என்ன மாற்றினீர்கள்? விண்டோஸ்? பிரீமியர் பதிப்பு? ஹார்டு டிஸ்க்? கேமரா?

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 20, மதியம் 1:20

ஐயா, விண்டோஸ் 11-க்குப் போன வருடமே போய்விட்டேன், அப்போது ஒன்றும் ஆகவில்லை. பிரீமியரும் அப்படியேதான். ஆடித் தள்ளுபடியில் கேமரா வாங்கினேன். சோனி ஏ7 மார்க் 4. பழைய ஏ7 மார்க் 3-ஐ இரண்டாவது கேமராவாக வைத்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? இரண்டுமே 4கே தானே?

பழைய_பென்டியம்
டிசம்பர் 20, மதியம் 1:31

ஓ! இரண்டும் 4கே, ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள், பத்து நிமிடம் ஆகாது.

பிரீமியரில் மூன்று தனித்தனி டைம்லைன் போடுங்கள். ஒன்றில் மார்க் 3 கிளிப் மட்டும், இரண்டாவதில் ட்ரோன் இருந்தால் ட்ரோன் கிளிப், மூன்றாவதில் மார்க் 4 கிளிப். எஃபெக்ட், கலர் எதுவும் வேண்டாம். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பக்கத்துக்குப் போய், 'வீடியோ டீகோடு' (சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலை) என்ற கட்டத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள். ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அந்தக் கட்டத்தில் கோடு எழுகிறதா, பிராசசர் எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதுங்கள்.

அதற்கு முன், பிரீமியரின் பிரிஃபரன்ஸில் மீடியா பக்கத்தில் ஹார்டுவேர் டீகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எஃப்பிஎஸ்_பித்தன்
டிசம்பர் 20, மதியம் 1:45

இடையில் ஒரு சந்தேகம். என்னிடமும் 3600, பி450 போர்டுதான். வேலரன்ட் கேம் ஆடும்போது கூட்டமாகச் சண்டை வந்தால் எஃப்பிஎஸ் (ஒரு விநாடிக்கு ஓடும் படங்கள்) விழுகிறது. நானும் ஏஎம்5 போகலாமா? அப்பாவிடம் படிப்புக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

ரிச்சிதெரு_அசெம்பிளர்
டிசம்பர் 20, மதியம் 2:10

அப்பாவின் காசு என்றால் இன்னும் யோசித்துச் செலவு செய். உன் போர்டிலேயே பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை ஏறும். 5600 போதும். 5700எக்ஸ்3டி புதிதாகக் கிடைப்பது இப்போது அரிது, யாராவது கழற்றி விற்றால் விடாதே. ராம், போர்டு எதையும் தொட வேண்டாம்.

இந்த வசதிக்கே ஒரு கதை உண்டு. 2020 மே மாதம் ஏஎம்டி, பி450 போர்டுகளுக்கு ஜென் 3 (அந்த 5000 வரிசை) ஆதரவு கிடையாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் இணையத்தில் போட்ட கூச்சலில் அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. கூச்சல் போட்டவர்கள் புண்ணியத்தில் இன்று நீ தப்பித்தாய்.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 20, இரவு 10:25

ஐயா சொன்னபடி செய்தேன். டிக் ஏற்கெனவே இருக்கிறது.

மார்க் 3 கிளிப்: வீடியோ டீகோடு கோடு எழுகிறது, பிராசசர் 15, 20-ஐத் தாண்டவில்லை. வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

ட்ரோன் கிளிப்: மார்க் 4 மாதிரியே இது எச்.265 முறையில் சுருக்கியது. கோடு எழுகிறது. ஒரு தொல்லையும் இல்லை.

மார்க் 4 கிளிப்: வீடியோ டீகோடு கட்டத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிறது. பூஜ்யம். பிராசசரின் 12 த்ரெட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கூலர் காற்றாடி, வெளியில் போன என் மனைவி எட்டிப்பார்க்கும் அளவுக்குக் கத்துகிறது.

இது என்ன மாயம்?

பழைய_பென்டியம்
டிசம்பர் 20, இரவு 11:10

மாயம் இல்லை. உங்கள் மார்க் 4-இல் எச்.265, 4:2:2 10 பிட் என்று வைத்து எடுக்கிறீர்கள். சரிதானே?

கேமரா வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவு செய்யும், நிறத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டும். 4:2:0 என்றால் நான்கு புள்ளிக் கட்டத்துக்கு ஒரே நிறத் தகவல். 4:2:2 என்றால் அதே கட்டத்துக்கு இரண்டு. நிறம் இரட்டிப்பு, அவ்வளவுதான். எச்.265 கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுசாக இருக்காது. முன்னும் பின்னும் இருக்கும் ஃபிரேமைப் பார்த்து, மாறியதை மட்டும் எழுதி வைத்திருக்கும். அதைப் பிரித்துப் படமாக்கத்தான் கிராபிக்ஸ் கார்டில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் 1660 சூப்பரில் இருக்கும் அந்தப் பகுதிக்கு 4:2:0 தெரியும், 4:4:4 கூடத் தெரியும், நடுவில் இருக்கும் 4:2:2 மட்டும் தெரியாது. என்விடியாவின் 20, 30, 40 வரிசைகளுக்கும் தெரியாது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தார்கள்.

கார்டு கைவிரித்துவிட்டதால் மொத்த மூட்டையையும் பிராசசர் தூக்குகிறது. அதுதான் உங்கள் 100 சதவீதம்.

இப்போது கசப்பான விஷயம். 9700எக்ஸில் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதற்கும் 4:2:2 தெரியாது. 77 ஆயிரம் செலவழித்தாலும் அதே மூட்டையை இன்னும் பலசாலியான ஓர் ஆள் தூக்குவார். மூட்டை குறையாது.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 20, இரவு 11:16

தலை சுற்றுகிறது ஐயா. நாளைக் காலை அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

ரிச்சிதெரு_அசெம்பிளர்
டிசம்பர் 21, காலை 7:50

கொடுக்காதீர்கள். பென்டியம் சார் சொன்னதற்கு மேல் நான் சரக்கு விவரம் சொல்கிறேன்.

எச்.265 4:2:2-ஐ ஹார்டுவேரில் பிரிக்கும் வித்தை இன்டெல்லிடம் 11-ஆம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது, குவிக் சிங்க் என்ற பெயரில். அது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் இருக்கிறது. இங்கேதான் ஏமாறுவார்கள். கடையில் ஐ5-12400 கேட்டால், ஆயிரம் இரண்டாயிரம் குறைவு என்று 12400எஃப்-ஐ எடுத்து நீட்டுவார்கள். எஃப் என்றால் உள்கிராபிக்ஸ் இல்லாதது. தனி கார்டு இருக்கிறதே, எதற்கு என்பார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பேச்சு சரி. உங்களுக்கு அந்த ஓர் எழுத்தில் மொத்தமும் போய்விடும். ஒரு வாடிக்கையாளர் இப்படி வேறு கடையில் எஃப் வாங்கி மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்.

ஐ5-12500 எடுத்தால் இன்னும் நல்லது. அதிலிருக்கும் யுஎச்டி 770-இல் அந்த டீகோடு எஞ்சின் இரண்டு. 12400-இல் இருக்கும் 730-இல் ஒன்றுதான். முக்கியமானது, 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு டிடிஆர்4 எடுக்கும் போர்டும் உண்டு. உங்கள் ராமை அப்படியே கழற்றி மாட்டலாம். புது கோர் அல்ட்ரா 200 வரிசைக்குப் போனால் மறுபடி டிடிஆர்5, மறுபடி அந்த 31 ஆயிரம்.

கோவை_கோடர்
டிசம்பர் 21, காலை 9:02

டீகோடு விஷயம் எனக்குத் தெரியாமல் பேசிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 13, 14-ஆம் தலைமுறையைச் சும்மா கை காட்டாதீர்கள். வோல்டேஜ் சிக்கலில் சில்லு கெட்டுப்போகிறது என்று இன்டெல்லே 2024-இல் ஒத்துக்கொண்டு, அதைத் திருத்த மைக்ரோகோடு என்ற புதுப்பிப்பு விட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது மறந்துவிட்டதா? இனி புதுப் பிராசசர் வராத செத்த சாக்கெட்டில் வேறு பணம் போடச் சொல்கிறீர்கள்.

அப்புறம், எடிட்டிங் என்றால் டீகோடு மட்டுமா? வார்ப் ஸ்டெபிலைசர் (படத்தின் ஆட்டத்தை அடக்குவது) போட்டால், கிளிப்பை அலசுவது பிராசசர் வேலை. அதில் 9700எக்ஸ் 3600-ஐத் தூக்கிச் சாப்பிடும்.

ரிச்சிதெரு_அசெம்பிளர்
டிசம்பர் 21, காலை 9:30

நான் சொன்னது 12-ஆம் தலைமுறை. அதற்கு அந்த வியாதி கிடையாது. வந்ததெல்லாம் 13, 14-இல் 13600கே, 14600கே-இலிருந்து மேலே உள்ளவற்றுக்கு. செத்த சாக்கெட் என்பது உண்மை. அதனால்தான் விலை குறைகிறது.

ஸ்டெபிலைசர் விஷயத்தில் உங்கள் பேச்சு சரி. திண்டுக்கல் சார்தான் சொல்ல வேண்டும், ஒரு கல்யாணத்துக்கு எத்தனை கிளிப்புக்கு அதைப் போடுவார் என்று.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 21, காலை 10:15

ஐந்தாறு இருக்கும். ஊர்வலத்தில் நடந்துகொண்டே எடுப்பது மட்டும்தான். மற்றதெல்லாம் டிரைபாடும் கிம்பலும். அது ஓடும் நேரத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

காஞ்சி_லென்ஸ்
டிசம்பர் 21, மாலை 6:40

நானும் கல்யாணம் எடுப்பவன்தான், காஞ்சிபுரம். முழு இழையையும் படித்தேன். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 4:2:2-இல் எதற்கு எடுக்கிறீர்கள்? அந்தக் கேமராவிலேயே பதிவு அமைப்பில் 4:2:0 10 பிட் இருக்கிறது. அதை உங்கள் 1660 அலுங்காமல் ஓட்டும்.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 21, மாலை 7:05

யூடியூபில் ஒருவர் "உயர்ந்ததையே வையுங்கள்" என்றார். வைத்தேன்.

பழைய_பென்டியம்
டிசம்பர் 21, மாலை 7:12

கேமரா மெனுவில் ஒரு வரி. அதற்கு 77 ஆயிரம். நல்லவேளை தம்பி.

காஞ்சி_லென்ஸ்
டிசம்பர் 21, இரவு 8:30

சிரித்துவிட்டுப் போக முடியாது, 4:2:2-க்கும் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் ஆள் இல்லையா, பட்டில்தான் இந்த வித்தியாசம் தெரியும். அரக்குச் சிவப்புப் புடவை, பச்சை பார்டர், நடுவில் ஜரிகை. சிவப்பும் பச்சையும் சேரும் அந்தக் கோட்டில் 4:2:0 கொஞ்சம் குழம்பும், படிக்கட்டு மாதிரி தெரியும். மண்டபத்தில் எல்இடி விளக்கு ஊதாவும் நீலமுமாக அடித்தால் இன்னும் மோசம். நிறத்தை நிறைய இழுத்து மாற்றுபவர்களுக்கும், பச்சைத் திரையில் எடுப்பவர்களுக்கும் 4:2:2 கட்டாயம் வேண்டும்.

ஆனால் நாம் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது பென்டிரைவில் ஒரு எச்.264, யூடியூபில் ஒரு லிங்க். இரண்டுமே 4:2:0. மாமியார் அதைப் பார்ப்பது ஹாலில் இருக்கும் டிவியில், பன்னிரண்டடி தள்ளி உட்கார்ந்து. வீட்டிலேயே இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள், என் பேச்சை நம்ப வேண்டாம்.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 23, இரவு 9:50

எடுத்தேன். மனைவியின் முகூர்த்தப் புடவையைக் கொடியில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, எல்இடி பேனலில் ஒன்று. இரண்டு அமைப்பிலும். "புடவையில் ஒரு சொட்டு பட்டாலும் தொலைந்தாய்" என்று பக்கத்திலேயே நின்றார்.

சாதாரணமாகப் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. மனைவியிடம் பெயர் மறைத்துக் காட்டினேன், இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். 300 சதவீதம் பெரிதாக்கி, எல்இடியில் எடுத்ததில் ஜரிகை ஓரத்தைப் பார்த்தபோது தெரிந்தது. 4:2:0-இல் சிவப்பு ஓரம் கொஞ்சம் பொங்கி வழிந்த மாதிரி இருக்கிறது. காஞ்சி அண்ணன் சொன்னது அப்படியே சரி. ஆனால் 300 சதவீதத்தில் யார் கல்யாணம் பார்க்கிறார்கள்?

பழைய_பென்டியம்
டிசம்பர் 23, இரவு 10:20

முகூர்த்தம் மட்டும் 4:2:2-இல் எடுத்துக்கொள்ளுங்கள், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். அந்த அரை மணி நேரக் கிளிப்புகளுக்குப் பிராக்சி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் லேசான நகல்) போடுங்கள். பிரீமியரில் கிளிப்பை வலது கிளிக் செய்தால் பிராக்சி உருவாக்கும் வசதி இருக்கிறது. புரோரெஸ் என்ற எளிதில் பிரிக்கக்கூடிய வடிவத்தில், சின்ன அளவில் இரவே ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் அதை வைத்து வெட்டுங்கள், எக்ஸ்போர்ட் செய்யும்போது அதுவே அசல் கோப்புக்குப் போய்விடும். எக்ஸ்போர்ட் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அசலைப் பிரிக்க வேண்டுமே. அப்போதுதான் நீங்கள் தூங்குகிறீர்களே.

இன்னும் இரண்டு. பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருக்கிறீர்களா? டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகம் என்ன காட்டுகிறது? பிராசசர் கூலரைக் கடைசியாகக் கழற்றித் துடைத்தது எப்போது?

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 24, காலை 7:30

மெமரி 2400 என்று காட்டுகிறது. வாங்கியது 3200. ஐந்து வருடமாக இப்படியேவா ஓடியது?! கூலரைக் கழற்றியதே இல்லை.

ரிச்சிதெரு_அசெம்பிளர்
டிசம்பர் 24, காலை 7:41

எக்ஸ்எம்பி இன்றே போட்டுவிடுங்கள். ரைசனுக்குள் கோர்களை இணைக்கும் தடம் ராம் வேகத்தோடு கட்டிப்போட்டது, அதனால் நல்ல பலன் தெரியும்.

கூலரைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள். கணினியைப் பத்து நிமிடம் வேலை வாங்கிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் இளகியிருக்கும். திருகைக் கழற்றியபின் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். இடம் வலமாக மெதுவாகத் திருகித் திருகி விடுவியுங்கள். உங்கள் போர்டின் சாக்கெட்டான ஏஎம்4-இல் கால்கள் (பின்கள்) பிராசசரில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்டோடு இழுத்தால், சாக்கெட் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 24, மதியம் 12:15

உங்கள் பதிவைப் பார்ப்பதற்கு முன்பே கழற்றிவிட்டேன். பிராசசர் கூலரோடு வந்துவிட்டது. ஓரத்தில் இரண்டு கால் வளைந்திருக்கிறது. கை நடுங்குகிறது.

ரிச்சிதெரு_அசெம்பிளர்
டிசம்பர் 24, மதியம் 12:19

பதறாதீர்கள், ஒடியவில்லை என்றால் பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகள் எழுதும் மெக்கானிக்கல் பென்சில் வீட்டில் இருக்கிறதா? உள்ளே இருக்கும் குச்சியை எடுத்துவிடுங்கள். அந்தக் காலி மூக்குத் துளையைக் காலில் மாட்டி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்துங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். பக்கத்து வரிசையோடு கண்ணை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தானாகச் சாக்கெட்டில் விழ வேண்டும், அழுத்தவே கூடாது.

எஃப்பிஎஸ்_பித்தன்
டிசம்பர் 24, மதியம் 12:40

அண்ணா என்ன ஆச்சு?

எஃப்பிஎஸ்_பித்தன்
டிசம்பர் 24, மதியம் 1:25

அண்ணா?

திண்டுக்கல்_ஸ்டுடியோ
டிசம்பர் 24, மாலை 4:50

ஆன் ஆகிவிட்டது. என் மகளின் 0.7 பென்சில்தான் காப்பாற்றியது. கால் நிமிர்த்தியது இருபது நிமிடம், சாக்கெட்டில் வைக்கத் தைரியம் வர ஒரு மணி நேரம். கூலரின் துடுப்புகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி தூசி. துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்ததில் லோடில் 91 டிகிரி போனது இப்போது 76-இல் நிற்கிறது. காற்றாடி கத்துவதும் அடங்கிவிட்டது. மெமரி 3200.

பழைய_பென்டியம்
டிசம்பர் 24, இரவு 8:00

பிழைத்தது. நல்லது.

பொழுது போகாமல் ஒன்று சொல்கிறேன். 2011-இல் ஐ7-2600கே வாங்கியவர்கள் 2017 வரை அசையவில்லை. ஆறு வருடத்தில் இன்டெல் ஐந்து தலைமுறை விட்டது, சாதாரண மேஜைக் கணினியில் உச்சமே நான்கு கோர்தான். 2017-இல் ரைசன் வந்து எட்டு கோரைக் கொடுத்தபிறகுதான் அவர்களுக்குச் சுருக்கென்றது, அந்த வருடமே ஆறு கோர் வந்தது. பெட்டியில் எழுதியிருக்கும் தலைமுறை எண் விற்பவருடைய கணக்கு. இன்னொரு வேடிக்கை: லேப்டாப்பில் ரைசன் 5 7520யு என்று ஒன்று 2022 கடைசியில் வந்தது. 7000 வரிசை என்று நினைத்து வாங்கினார்கள். உள்ளே இருப்பது ஜென் 2. திண்டுக்கல் தம்பி இன்று பென்சிலால் நிமிர்த்தினாரே, அதே குலம், கோர் மட்டும் நான்கு.

கோவை_கோடர்
டிசம்பர் 24, இரவு 8:35

அந்த 7520யு லேப்டாப் என் தங்கைக்கு நான்தான் பரிந்துரைத்தேன். இத்துடன் இந்த விஷயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் என் கருத்தை மாற்றவில்லை. 3600-க்கு இன்னும் ஒரு வருடம், கூடினால் இரண்டு. அதற்கப்புறம் எப்படியும் ஏஎம்5 அல்லது அதற்கு அடுத்தது.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
பிப்ரவரி 16, 2026, இரவு 10:05

தை முடிந்தது. என்ன ஆயிற்று என்று வந்து எழுதுகிறேன்.

ஒன்பது கல்யாணம். சடங்கு, வரவேற்பு, ஊர்வலம் எல்லாம் 4:2:0. முகூர்த்தம் மட்டும் 4:2:2, அதற்கு இரவில் பிராக்சி. எல்லாம் அதே 3600-இல். ஒரு நாள்கூடத் தாலி அந்தரத்தில் நிற்கவில்லை. ஊர்வலக் கிளிப்புக்கு ஸ்டெபிலைசர் போடும்போது மட்டும் கோவை நண்பரை நினைத்துக்கொள்வேன், அங்கே இன்னும் டீ குடிக்கும் நேரம் ஆகிறது.

செலவழித்தது இதுதான்: பேஸ்ட் ஒரு டியூப், பிராக்சிக்காக 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று. 512 நிரம்பி வழிந்தது. பாக்கிப் பணத்தைத் தொடவில்லை. ஆனிக்குள் ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கி இதே போர்டில் போடலாம் என்று எண்ணம். 4:2:2-ஐ அதுவே பிரிக்கும், பிராக்சி வேலையும் மிச்சம். பிராசசரை மாற்றுவது ராம் விலையைப் பார்த்து.

ஒரு மணப்பெண்ணின் அம்மா மட்டும் புடவை நிறம் நேரில் பார்த்த மாதிரி இல்லை என்றார். பார்த்தால், அவர் வீட்டு டிவி, நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மோடில் இருந்தது.

எஃப்பிஎஸ்_பித்தன்
பிப்ரவரி 16, இரவு 10:20

சூப்பர் அண்ணா. நான் 5600 போட்டுவிட்டேன், எஃப்பிஎஸ் விழுவதில்லை. என் பழைய 3600 சும்மா இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமா? ஒரு காலும் வளையவில்லை.

திண்டுக்கல்_ஸ்டுடியோ
பிப்ரவரி 16, இரவு 10:34

எடுத்து வை தம்பி. அடுத்த தடவை கூலரைக் கழற்றும்போது உன் எண்ணுக்கு முதலில் கூப்பிடுகிறேன்.